ஏனோக்கு இறந்தாரா? ஒரு வசனமும் பல மதங்களும்

“ஏனோக்கு சாகவில்லை என்று ஆதியாகமம் சொல்கிறது.” “ஏனோக்கின் புத்தகத்தை நிசேயா சங்கத்தில் பைபிளிலிருந்து தூக்கிவிட்டார்கள்.” “குர்ஆனும் ஏனோக்கைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.” பிரசங்கங்களிலும் யூடியூப் காணொளிகளிலும் வாட்ஸாப் பகிர்வுகளிலும் அடிக்கடி காதில் விழும் வாக்கியங்கள் இவை. மூன்றுமே இந்த வடிவத்தில் தவறு. பைபிளின் முதல் நூலான ஆதியாகமம் அப்படி எங்கும் சொல்லவில்லை. கிறிஸ்தவ ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தில் அந்தப் புத்தகம் பற்றி எந்தத் தீர்மானமும் இல்லை. குர்ஆனில் உள்ள பெயர் இத்ரீஸ்.

ஆனால் தவறு என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் விஷயம் பிடிபடாது. இந்த மூன்றுக்கும் பின்னால் உண்மையான, நீண்ட வரலாறு ஒன்று இருக்கிறது. ஒரே மூதாதையைப் பற்றி யூதர்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இரண்டாயிரம் ஆண்டுகளாக வெவ்வேறு விதமாகப் பேசிவருவதற்குக் காரணம் ஒரே ஒரு வசனம், ஆதியாகமம் 5:24. அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

## முதலில், எந்த ஏனோக்கு?

ஆதியாகமத்தில் (கத்தோலிக்கர்களுக்குத் தொடக்க நூல்) ஏனோக்கு என்ற பெயரில் இரண்டு பேர் வருகிறார்கள். 4ஆம் அதிகாரத்தில் வருபவர் காயீனின் மகன். காயீன் ஒரு பட்டணத்தைக் கட்டி அதற்கு அந்த மகனின் பெயரை வைக்கிறான். 5ஆம் அதிகாரத்தில் வருபவர் யாரேத்தின் மகன். நாம் பேசப்போவது இவரைப் பற்றி.

இது போதாதென்று, சேத்தின் மகன் ஏனோஸ் என்று இன்னொருவரும் இருக்கிறார். எபிரேயத்தில் ஹனோக், எனோஷ் என்று இரு பெயர்களுக்கும் முதல் எழுத்தே வேறு. தமிழில் எழுதும்போது ஒலி நெருங்கிவிடுகிறது. ஏனோஸ் பிறந்த பிறகே மனிதர்கள் கர்த்தரின் பெயரைத் தொழத் தொடங்கினார்கள் என்ற குறிப்பை ஏனோக்கின் தலையில் ஏற்றிவைப்பது இதனால் நேரும் பிழை.

வரிசை இது: ஆதாம், சேத், ஏனோஸ், கேனான், மகலாலெயேல், யாரேத், ஏனோக்கு. ஆதாமையும் சேர்த்து எண்ணினால் ஏழாவது ஆள். அவருக்குப் பின் மெத்தூசலா, லாமேக்கு, நோவா. அதாவது நோவாவுக்கு இவர் கொள்ளுத்தாத்தா.

## பட்டியலில் விடுபட்ட ஒரு சொல்

5ஆம் அதிகாரம் பார்ப்பதற்கு ஒரு பழைய வம்சாவளி நோட்டுப் போல இருக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரே அச்சு: இத்தனை வயதில் இன்னாரைப் பெற்றான், அதன்பின் இத்தனை வருஷம் உயிரோடிருந்தான், மொத்தம் இத்தனை வருஷம், மரித்தான். வேகமாகப் படிப்பவர்கள் தாண்டிப் போய்விடும் பகுதி. ஒரு முறை நிதானமாக “மரித்தான்” என்ற சொல்லை மட்டும் எண்ணிப் பாருங்கள். ஆதாம் முதல் யாரேத் வரை ஆறு தடவை, மெத்தூசலாவுக்கு ஒன்று, லாமேக்குக்கு ஒன்று. மொத்தம் எட்டு. நடுவில் ஏனோக்கின் இடத்தில் மட்டும் அது இல்லை. அங்கே தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பு இப்படிப் போகிறது:

“ஏனோக்கு தேவனோடே சஞ்சரித்துக்கொண்டிருக்கையில், காணப்படாமற்போனான், தேவன் அவனை எடுத்துக்கொண்டார்.”

அவ்வளவுதான். எங்கே போனார், எப்படிப் போனார், உயிரோடா, உயிரற்றா? எதற்கும் விடை இல்லை.

ஓர் ஊரில் ஒருவர் காணாமல் போகிறார் என்று வையுங்கள். அம்மா தினமும் அவருக்கும் சேர்த்து உலை வைக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் “சாமியாராப் போயிருப்பார்” என்கிறார். ஏழு ஆண்டுகள் தகவலே இல்லையென்றால், உயிரோடிருக்கிறார் என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று நம் நாட்டுச் சட்டம் வைத்திருக்கிறது. மூன்று தரப்புக்கும் தெரிந்த செய்தி ஒன்றே: ஆள் காணவில்லை. மீதியை நிரப்புவது அவரவர் தேவை, அவரவர் நம்பிக்கை. ஏனோக்கின் விஷயத்தில் நடந்ததும் இதுதான்.

## வசனத்தின் மூன்று வினைச்சொற்கள்

முதல் சொல் “சஞ்சரித்தல்”. எபிரேய வினை நேராக ஓரிடத்துக்கு நடந்து போவதைச் சொல்வதில்லை. அங்குமிங்குமாக உலாவுவது, கூடவே திரிவது. ஏதேன் தோட்டத்தில் கடவுள் குளிர்ந்த வேளையில் “உலாவுகிற” சத்தம் கேட்டது என்று வரும் இடத்திலும் இதே வினைதான். தமிழில் “சஞ்சரித்து” என்று போட்டவர்கள் மிகச் சரியான சொல்லைப் பிடித்திருக்கிறார்கள். வெறும் “நடந்து” என்பதில் இந்த உறவாடல் வராது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நோவாவும் தேவனோடு சஞ்சரித்தார் என்று அடுத்த அதிகாரம் சொல்கிறது. அவர் 950 வயதில் இறந்துபோனார். ஆகவே சஞ்சரித்ததாலேயே சாவு வராது என்று இந்தச் சொல்லை வைத்து வாதிட முடியாது.

இரண்டாவது “காணப்படாமற்போனான்”. எபிரேயத்தில் இது “அவன் இல்லை” என்று மட்டுமே பொருள்படும் ஒற்றைச் சொல், ஏனென்னு. தேடினார்கள் என்றோ கிடைக்கவில்லை என்றோ மூலத்தில் இல்லை. கிறிஸ்துவுக்கு முன் 3ஆம் நூற்றாண்டில் எபிரேய வேதத்தைக் கிரேக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் (இந்த மொழிபெயர்ப்புக்கு எழுபதின்மர் மொழிபெயர்ப்பு என்று பெயர்) இதை “கண்டுபிடிக்கப்படவில்லை” என்று எழுதினார்கள். “சஞ்சரித்தான்” என்பதையும் “கடவுளுக்குப் பிரியமாயிருந்தான்” என்று மாற்றினார்கள். கடவுள் மனிதனோடு உலாவினார் என்பது அவர்கள் காதுக்கு உறுத்தியிருக்கலாம். இந்தச் சிறு மாற்றம் பின்னால் புதிய ஏற்பாட்டுக்குள் அப்படியே போய்ச் சேர்ந்தது.

மூன்றாவதுதான் எல்லாச் சண்டைக்கும் காரணம்: “எடுத்துக்கொண்டார்”. எபிரேயத்தில் லாகாஹ். எலியா அக்கினி ரதத்தோடு சுழல்காற்றில் ஏறிப்போகும் கதையில், “கர்த்தர் உன் எஜமானை எடுத்துக்கொள்வார்” என்ற இடத்தில் இந்த வினை வருகிறது. அங்கே உயிரோடு போவது என்பது சந்தேகமில்லாத பொருள். எசேக்கியேல் 24ஆம் அதிகாரத்தில், “உன் கண்களுக்கு விருப்பமானதை உன்னைவிட்டு எடுத்துக்கொள்ளுவேன்” என்று கடவுள் சொல்லும் இடத்திலும் இதே வினை. அன்று சாயங்காலமே எசேக்கியேலின் மனைவி இறந்துபோகிறாள். ஒரே வினை, ஓரிடத்தில் உயிரோடு எடுப்பது, இன்னோரிடத்தில் சாவு.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். “இறைவனடி சேர்ந்தார்” என்று தெருமுனைச் சுவரொட்டியில் பார்த்தால், அவர் உடலோடு மேலே போனார் என்று யாரும் எண்ணுவதில்லை. “ஆண்டவர் எடுத்துக்கிட்டார்” என்று ஒரு பாட்டி சொன்னால் துக்கம் விசாரிக்கத்தான் போவோம். ஏனோக்கைப் பற்றிய வசனமும் இப்படி ஒரு மரியாதை வழக்கா, அல்லது உள்ளபடியே எடுத்துக்கொண்டதா என்பதுதான் கேள்வி.

இதுவரை வந்தது: ஆதியாகமம் ஏனோக்கு இறந்தார் என்றும் சொல்லவில்லை, இறக்கவில்லை என்றும் சொல்லவில்லை. எட்டு முறை வந்த சொல்லை அவருக்கு மட்டும் விட்டுவிட்டு, இரு பொருள் தரும் வினையொன்றை வைத்திருக்கிறது.

## 365 என்ற எண்

அந்தப் பட்டியலில் ஆதாம் 930, யாரேத் 962, மெத்தூசலா 969 ஆண்டுகள். ஏனோக்கு மட்டும் 365. மெத்தூசலாவைப் பெறும்போது வயது 65, அதன்பின் 300. சூரிய ஆண்டின் நாட்களோடு இந்த எண் பொருந்துவது தற்செயலாக இருக்க முடியாது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். மெசப்பொத்தேமிய அரசர் பட்டியல்கள் சிலவற்றில் ஏழாவது இடத்தில் என்மெதுராங்கி என்ற அரசர் இருக்கிறார். அவருடைய ஊர் சிப்பார், சூரியக் கடவுள் ஷமாஷின் நகரம். தெய்வங்கள் அவரைத் தம் சபைக்கு அழைத்து, தண்ணீரில் எண்ணெய் விட்டுக் குறி பார்ப்பது போன்ற இரகசியங்களைக் கற்றுக்கொடுத்ததாக ஒரு பழைய களிமண் பலகைப் பாடம் சொல்கிறது. ஏழாவது ஆள், சூரியன், தெய்வ சபை, மறைவான அறிவு: பின்னாளில் ஏனோக்கைச் சுற்றி வளர்ந்த கதைகளின் அம்சங்கள் எல்லாம் இங்கே முன்பே இருக்கின்றன.

எண்களைப் பிரசங்கத்தில் பயன்படுத்துகிறவர்கள் எந்தப் பிரதியிலிருந்து எடுக்கிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எழுபதின்மர் மொழிபெயர்ப்பில் ஏனோக்கு 165 வயதில்தான் மெத்தூசலாவைப் பெறுகிறார், அதன்பின் 200, மொத்தம் அதே 365. மெத்தூசலாவின் கணக்கில் வேறுபாடு இன்னும் பெரியது. அவர் லாமேக்கைப் பெற்ற வயது, லாமேக்கு நோவாவைப் பெற்ற வயது, பிரளயத்தின்போது நோவாவின் வயது என்று மூன்றையும் கூட்ட வேண்டும். எபிரேயப் பிரதியில் 187 + 182 + 600 = 969; ஜலப்பிரளயம் வந்த ஆண்டிலேயே அவர் இறந்தார் என்று கச்சிதமாகப் பொருந்தும். கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில் 167 + 188 + 600 = 955; அப்படியானால் பிரளயத்துக்குப் பின்னும் 14 ஆண்டுகள் அவர் இருந்திருக்க வேண்டும், ஆனால் பேழையில் அவர் இல்லை. 5ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலாளர் அகுஸ்தீன் இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியிருக்கிறார்.

## ஏனோக்கின் பெயரில் எழுந்த நூல்கள்

காணாமல் போனவர் திரும்பி வந்து பார்த்ததை எல்லாம் சொன்னால் எப்படி இருக்கும்? கிறிஸ்துவுக்கு முன் 3ஆம் நூற்றாண்டு வாக்கில் யூதர்களிடையே இந்தக் கேள்வியிலிருந்து ஓர் இலக்கியமே பிறந்தது. ஒரு பழங்கால ஞானியின் பெயரில், அவருக்கு மிகப் பிந்தியவர்கள் எழுதும் நூலைப் புனைபெயர் நூல் என்பார்கள். ஏமாற்றுவதற்கென்று எழுதியவை என்று இவற்றைத் தள்ளிவிடக் கூடாது. ஒரு மரபின் முதல்வர் பெயரில் அந்த மரபைத் தொடர்ந்து எழுதுவது அக்காலத்தில் பழக்கமாக இருந்தது.

இவற்றில் முக்கியமானது முதலாம் ஏனோக்கு எனப்படும் நூல். 108 அதிகாரங்கள், ஐந்து பகுதிகள், ஐந்தும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கைகளால் எழுதப்பட்டவை. முதல் பகுதியில் 200 வானதூதர்கள், காவலர்கள் என்ற பெயருடையவர்கள், எர்மோன் மலையில் இறங்குகிறார்கள். மனிதப் பெண்களை மணக்கிறார்கள். வாளும் கேடயமும் செய்வது, கண்ணுக்கு மை தீட்டுவது, வேர் வெட்டி மருந்து மந்திரம் செய்வது, நட்சத்திரம் பார்ப்பது என்று பலவற்றைக் கற்றுக்கொடுக்கிறார்கள். உலகம் கெடுகிறது. தண்டனை வருகிறது என்று தெரிந்ததும் அவர்களே ஏனோக்கிடம் வந்து, எங்களுக்காக ஒரு மனு எழுதிக் கொடு என்று கேட்கிறார்கள். தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவரிடம் போய் நிற்பதைப் போல வானவர்கள் ஒரு மனிதரிடம் நிற்கிறார்கள். ஏனோக்கு எழுதி எடுத்துக்கொண்டு மேலே போகிறார். கிடைத்த பதில்: மனிதருக்காக நீங்கள் பரிந்து பேச வேண்டியிருக்க, உங்களுக்காக மனிதன் பேசுவதா? மனு தள்ளுபடி. “நீதியின் எழுத்தர்” என்று ஏனோக்குக்கு நூல் தரும் பட்டம் இந்தக் கதையில் வருகிறது. எழுத்தோடு அவருக்குள்ள தொடர்பை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். இஸ்லாமிய மரபில் அது மறுபடி வரும்.

72 முதல் 82 வரையுள்ள பகுதி வானியல். ஆண்டுக்கு 364 நாள் என்று அது கணக்கிடுகிறது: 30 நாள் கொண்ட 12 மாதம், அதோடு ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் ஒரு நாள் கூடுதல். 364ஐ 7ஆல் வகுத்தால் மீதமில்லாமல் 52 வாரம். ஒரு பண்டிகை ஒரு தடவை புதன்கிழமை வந்தால் எந்த ஆண்டும் புதன்கிழமைதான். ஓய்வுநாளோடு மோதவே மோதாது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் உண்மையான சூரிய ஆண்டு ஏறக்குறைய 365¼ நாள். ஆண்டுக்கு 1¼ நாள் பின்தங்கினால் 24 ஆண்டில் ஒரு மாதம் பிசகும். அறுப்புக்கான பண்டிகை பயிர் முற்றும் முன்பே வந்துவிடும். இதைச் சரிசெய்ய இடைநாள் சேர்க்கும் வழி எதையும் நூல் சொல்லவில்லை. பாவிகளின் நாட்களில் ஆண்டுகள் குறுகும், விதைப்பு தாமதிக்கும் என்று 80ஆம் அதிகாரம் சொல்வதை, இந்தப் பிசகுக்குக் கொடுத்த விளக்கமாகச் சில ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள்.

சாக்கடலோரம் கும்ரான் 4ஆம் குகையில் இந்நூலின் அரமேயப் பிரதிகள் 11 கிடைத்தன. எல்லாம் துண்டுகள். 37 முதல் 71 வரையுள்ள பகுதி அங்கே ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. முழு நூல் இருப்பது எத்தியோப்பியாவின் பழைய கீஸ் மொழியில் மட்டுமே. “சாக்கடல் சுருள்களில் முழு ஏனோக்கு புத்தகமும் கிடைத்தது” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஏனோக்கின் பெயரில் இன்னும் இரண்டு நூல்கள் உண்டு. இரண்டாம் ஏனோக்கு முழுமையாக ஸ்லாவிய மொழியில் உள்ளது. மூன்றாம் ஏனோக்கு எபிரேயத்தில், பல நூற்றாண்டுகள் பிந்தியது. “ஏனோக்கு புத்தகம்” என்று பொதுவாகச் சொல்லும்போது இந்த மூன்றையும் கலந்துவிடுவது வழக்கமான தவறு.

## யூதர்கள்: ஒரே மரபுக்குள் இரண்டு குரல்

ரபீக்கள் எனப்படும் யூத ஆசான்களின் வேத விளக்கத் தொகுப்புகளுக்கு மித்ராஷ் என்று பெயர். ஆதியாகமத்துக்கான பழைய மித்ராஷில், மாற்றுக் கொள்கைக்காரர்கள் ரபீ அபாஹுவிடம் வாதிடும் காட்சி ஒன்று இருக்கிறது. ஏனோக்குக்குச் சாவு சொல்லப்படவில்லை. எலியாவுக்கு வரும் அதே “எடுத்தல்”தான் இங்கும் வருகிறது என்கிறார்கள். “எடுத்தல் என்ற சொல்லை வைத்துத்தான் பேசுகிறீர்களென்றால், எசேக்கியேலிலும் அது வருகிறதே” என்று அபாஹு திருப்பிக் கொடுக்கிறார். மேலே பார்த்த இரண்டு வசனங்களும் அன்றே மோதியிருக்கின்றன.

அதே தொகுப்பில் ரபீ அய்பு, ஏனோக்கு நிலையில்லாதவர், சிலசமயம் நல்லவர், சிலசமயம் தீயவர். நல்லவராக இருக்கும்போதே கடவுள் எடுத்துவிட்டார் என்கிறார். 11ஆம் நூற்றாண்டில் ராஷி தன் உரையில் இதையே சுருக்கித் தருகிறார். இவ்வளவு கடுமை ஏன்? ஏனோக்கை வானவராக உயர்த்திப் பேசும் நூல்களும், எடுத்துக்கொள்ளப்பட்டதை விசுவாசத்தின் மேன்மைக்குச் சான்றாகக் காட்டிய கிறிஸ்தவர்களும் சுற்றிலும் இருந்த காலம் அது. அவரைக் கொஞ்சம் கீழே இறக்கிவைக்க வேண்டும் என்று ரபீக்கள் எண்ணியது இயல்பு.

ஆனால் கதை இதோடு முடியவில்லை. வேதத்தின் அரமேய விளக்க மொழிபெயர்ப்பைத் தர்கூம் என்பார்கள். ஒன்கெலோஸ் தர்கூம் இந்த வசனத்தை “கர்த்தர் அவனைச் சாகச் செய்தார்” என்று முடிக்கிறது. சில பிரதிகளில் ஒரு “இல்லை” சேர்ந்து, “சாகச் செய்யவில்லை” என்று நேர் எதிராக இருக்கிறது. யோனத்தான் பெயரில் வழங்கும் இன்னொரு தர்கூமோ, ஏனோக்கு வானத்துக்கு ஏறி மெத்தத்ரோன் என்ற பெரிய எழுத்தர் ஆனார் என்கிறது. மெத்தத்ரோன் என்பவர் யூத மறைஞான மரபில் வானதூதருக்கெல்லாம் தலைமையானவர். மூன்றாம் ஏனோக்கில் இந்த மாற்றம் கண்முன் நடப்பதுபோல வருகிறது: ஏனோக்கின் தசை தீயாகிறது, எலும்புகள் தணலாகின்றன, பக்கத்துக்கு 36 வீதம் 72 சிறகுகள் முளைக்கின்றன. ஆகவே “யூதர்கள் ஏனோக்கு இறந்தார் என்று நம்புகிறார்கள்” என்ற ஒற்றை வரி போதாது.

## கிறிஸ்தவர்கள்: எடுத்துக்கொள்ளப்பட்டவர்

“மரணத்தைக் காணாதபடிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டான்” என்ற சொற்கள் எபிரெயர் நிருபம் 11:5இல் வருகின்றன. ஏனோக்கைப் பற்றிய கிறிஸ்தவ நம்பிக்கையின் அடிப்படை இந்த வசனம். “காணப்படாமற்போனான்”, “தேவனுக்குப் பிரியமானவன்” என்ற சொற்களும் அங்கே தொடர்கின்றன. ஆதியாகமத்தின் கிரேக்க வடிவத்திலிருந்து நேராக வந்தவை. தமிழகப் பெந்தெகொஸ்தே சபைகளில் இரகசிய வருகையைப் பற்றி (கிறிஸ்து விசுவாசிகளை உயிரோடு எடுத்துக்கொள்ள வருவது) பேசும்போது ஏனோக்கை முன்னடையாளமாகக் காட்டுவது இதிலிருந்துதான்.

கத்தோலிக்க விவிலியத்தில் இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. சீராக்கின் ஞானம் 44, 49ஆம் அதிகாரங்கள் ஏனோக்கைப் போற்றுகின்றன. சாலமோனின் ஞானம் 4ஆம் அதிகாரம் பெயர் சொல்லாமல், கடவுளுக்குப் பிரியமான ஒருவர் தீமை தன் மனத்தை மாற்றிவிடாதபடி எடுத்துக்கொள்ளப்பட்டார் என்கிறது. நல்லவராக இருக்கும்போதே எடுத்தார் என்று ரபீ அய்பு சொன்னதன் மென்மையான வடிவம்போல இது ஒலிக்கிறது. புரோட்டஸ்டன்ட் பைபிளில் இவ்விரு நூல்களும் இல்லை.

எல்லாக் கிறிஸ்தவர்களும் ஒரே கருத்தினர் என்றும் எண்ண வேண்டாம். அதே எபிரெயர் 11ஆம் அதிகாரத்தின் 13ஆம் வசனம் “இவர்களெல்லாரும்” மரித்ததாகச் சொல்வதைக் காட்டி, ஏனோக்கும் இறந்தார் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. எலியாவோடு ஏனோக்கும் கடைசிக் காலத்தில் திரும்பி வந்து அந்திக்கிறிஸ்துவுக்கு எதிராகச் சாட்சி சொல்லி இறப்பார்கள் என்பது பழைய திருச்சபையில் பரவியிருந்த இன்னொரு கருத்து. வெளிப்படுத்தல் 11ஆம் அதிகாரத்தின் இரண்டு சாட்சிகள் இவர்களே என்று கொண்டார்கள். 200ஆம் ஆண்டு வாக்கில் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் இதை எழுதியிருக்கிறார்.

## “நீக்கப்பட்ட புத்தகம்” என்ற கதை

ஒரு மதத்தார் இறைவாக்காக ஏற்கும் நூல்களின் பட்டியலுக்குத் திருமுறை என்று பெயர். வீட்டில் பல புத்தகங்கள் இருக்கலாம். பூஜை அலமாரியில் வைப்பது சிலவற்றைத்தான். முதலாம் ஏனோக்கு பல வீடுகளில் இருந்தது, பெரும்பாலான இடங்களில் அந்த அலமாரிக்குள் போகவில்லை. யூதத் திருமுறையில் அது இடம்பெறவில்லை. கிறிஸ்தவர்களில் தெர்த்துல்லியன் ஏற்றார், பிரளயத்தைத் தாண்டி அந்நூல் எப்படிப் பிழைத்தது என்ற கேள்விக்கு நோவா வழியாக என்று விடையும் சொன்னார். அகுஸ்தீன், ஏனோக்கு எதையோ எழுதியிருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டு, ஆனால் கையில் உள்ள நூல் அதுதான் என்று நம்ப முடியாது என்றார். படிப்பவர் குறையக் குறைய, நகலெடுப்பவரும் குறைந்தார்கள். அச்சு இல்லாத காலத்தில் ஒரு நூல் மறைய அது போதும்.

325இல் கூடிய நிசேயா சங்கம், கிறிஸ்து படைக்கப்பட்டவர் என்ற ஆரியுஸின் போதனையையும் உயிர்ப்பு விழா தேதியையும் பேசியது. அது வகுத்த 20 விதிகளில் எதுவும் பைபிள் நூல்களின் பட்டியலைப் பற்றியதல்ல.

யூதா நிருபம் 14ஆம் வசனம் “ஆதாமுக்கு ஏழாந்தலைமுறையான ஏனோக்கு” சொன்னதாகத் தரும் வாசகம் முதலாம் ஏனோக்கின் முதல் அதிகாரத்தில் இருப்பது உண்மை. மேற்கோள் காட்டியதாலேயே முழு நூலும் திருமுறை ஆகிவிடுமா என்பதுதான் கேள்வி. பவுல் கிரேக்கக் கவிஞர்களையும் மேற்கோள் காட்டியிருக்கிறார். அவர்களுடைய கவிதைகளை யாரும் பைபிளில் சேர்க்கவில்லை.

எத்தியோப்பியா மட்டும் வேறு வழியில் போனது. அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் தெவாஹெதோ திருச்சபை 81 நூல்கள் கொண்ட தன் திருமுறையில் ஹெனோக் நூலை வைத்துக் காத்துவந்தது. 1773இல் ஜேம்ஸ் புரூஸ் என்ற ஸ்காட்லாந்துப் பயணி அங்கிருந்து பிரதிகளை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார். 1821இல் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. ஐரோப்பாவில் “தொலைந்த நூல் கண்டுபிடிப்பு” என்று பேசப்பட்டது எத்தியோப்பியர்களிடம் ஒருநாளும் தொலைந்ததில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த நூலைப் பற்றிப் பேசும் காணொளிகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது அவர்கள்தான்.

இதுவரை வந்தது: யூதர்கள் இரு விதமாகவும் படித்தார்கள். கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் எபிரெயர் 11:5ஐப் பிடித்துக்கொண்டு, சாவைக் காணாதவர் என்று கொண்டார்கள். அவர் பெயரிலுள்ள நூல் எத்தியோப்பிய, எரித்திரிய ஆர்த்தடாக்ஸ் சபைகளில் வேதம்; மற்ற சபைகளில் அப்படியில்லை.

## இஸ்லாம்: இத்ரீஸ் நபி

குர்ஆனில் இத்ரீஸ் என்ற பெயர் இரண்டே இடங்களில் வருகிறது. மர்யம் அத்தியாயத்தில் (19:56, 57), அவர் உண்மையாளர், நபி, அவரை உயர்ந்த இடத்துக்கு உயர்த்தினோம் என்று வருகிறது. அன்பியா அத்தியாயத்தில் (21:85), இஸ்மாயீல், துல்கிஃப்லு ஆகியோரோடு பொறுமையாளர்களில் ஒருவர் என்று வருகிறது. தந்தை பெயர், வயது, காலம் எதுவும் இல்லை.

அப்படியானால் ஏனோக்கோடு எப்படி இணைந்தார்? குர்ஆன் விரிவுரைக்குத் தஃப்சீர் என்று பெயர். இப்னு இஸ்ஹாக், தபரீ போன்ற தொடக்ககால வரலாற்றாசிரியர்களும் விரிவுரையாளர்களும், தவ்ராத்தில் (மோசேயின் வேதத்தில்) அக்னூக் எனப்படுபவரே இத்ரீஸ் என்று எழுதினார்கள். “உயர்ந்த இடத்துக்கு உயர்த்தினோம்” என்பதும் “எடுத்துக்கொண்டார்” என்பதும் ஒன்றையொன்று நினைவூட்டுவதைப் பார்த்தால் காரணம் விளங்கும். முஸ்லிம்களிடையே இது பெரும்பான்மைக் கருத்து. ஒரே கருத்து அல்ல. நபித்தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள், இல்யாஸ் நபிதான் இத்ரீஸ் என்று சொன்னதாகப் புகாரீயின் ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பிலேயே குறிப்பு இருக்கிறது. இல்யாஸ் என்றால் எலியா.

இந்த விவாதத்தில் மிஃராஜ் ஹதீஸ் ஒரு நுட்பமான சான்றாகிறது. விண்ணேற்றத்தின்போது முஹம்மது நபி (ஸல்) அவர்கள் முதல் வானத்தில் ஆதமையும் (அலை), நான்காவதில் இத்ரீஸையும் (அலை), ஏழாவதில் இப்ராஹீமையும் (அலை) சந்திக்கிறார்கள். ஆதமும் இப்ராஹீமும் “நல்ல மகனே” என்று வரவேற்கிறார்கள், ஏனென்றால் அவர்கள் மூதாதையர். இத்ரீஸ் “நல்ல சகோதரரே” என்கிறார். ஏனோக்கு என்றால் நூஹ் நபிக்கே (நோவாவுக்கே) கொள்ளுத்தாத்தா, அவரும் மூதாதைதானே, பிறகு ஏன் சகோதரர் என்று அழைக்க வேண்டும் என்று சில அறிஞர்கள் கேட்டார்கள். நபிமார் அனைவரும் சகோதரர்கள் என்ற பணிவில் அப்படி அழைத்திருக்கலாம் என்று மற்றவர்கள் பதில் சொன்னார்கள். ஓர் அழைப்புச் சொல்லை வைத்து வம்சாவளியை ஆராய்ந்திருக்கிறார்கள்.

“உயர்ந்த இடம்” என்பதற்கும் ஒரே பொருள் இல்லை: நபித்துவத்தின் உயர்வு, நான்காம் வானம், சொர்க்கம் என்று மூன்றும் தஃப்சீர்களில் உள்ளன. ஒரு வானவர் அவரைச் சிறகில் சுமந்து நான்காம் வானம் போனார், அங்கே எதிரே வந்த மரண வானவர் அங்கேயே உயிரைக் கைப்பற்றினார் என்ற கதை, யூத மதத்திலிருந்து இஸ்லாத்துக்கு வந்த கஅப் அல்-அஹ்பார் வழியாக வருவது. இப்படி யூத, கிறிஸ்தவ மரபுகளிலிருந்து வந்து சேர்ந்த செய்திகளுக்கு இஸ்ராயீலிய்யாத் என்று பெயர். விரிவுரையாளர் இப்னு கஸீர் இந்தக் கதையை அந்த வகையில்தான் வைக்கிறார். கவனித்தீர்களா, இந்தக் கதையில் அவர் மேலே போனதும் உண்டு, இறந்ததும் உண்டு.

முதன்முதலில் எழுதுகோலால் எழுதியவர், முதலில் துணி தைத்தவர் என்ற செய்திகளும் இத்ரீஸைப் பற்றி வழங்குகின்றன. எழுதுகோல் நமக்கு ஏற்கெனவே அறிமுகமானது: நீதியின் எழுத்தர். கிறிஸ்துவுக்கு முன் 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த யூபிலிகள் என்ற யூத நூலும் மனிதரில் எழுதக் கற்ற முதல் ஆள் ஏனோக்கு என்கிறது. தையலோ இஸ்லாமிய மரபுக்கே உரியது. பல முஸ்லிம் நாடுகளில் தையற்காரர்கள் இத்ரீஸைத் தங்கள் தொழிலின் முன்னோடியாகக் கொண்டார்கள். 9ஆம் நூற்றாண்டு வானியலாளர் அபூ மஅஷர் கிரேக்க மரபின் ஞானி ஹெர்மெஸும் இவரும் ஒருவரே என்று எழுதினார்.

## கேட்கும் செய்தியைச் சரிபார்க்க

ஏனோக்கைப் பற்றி ஒரு செய்தி வந்தால் முதலில் யாரேத்தின் மகனா, காயீனின் மகனா என்று பாருங்கள். அடுத்து, எந்த நூலில் உள்ளது: ஆதியாகமமா, எபிரெயர் நிருபமா, மூன்று ஏனோக்கு நூல்களில் ஒன்றா, குர்ஆனா, தஃப்சீரா. பிறகு அந்த நூலை யார் வேதமாக ஏற்கிறார்கள் என்று பாருங்கள். இந்த மூன்றையும் கேட்டால் போதும்.

ஓர் உதாரணம். “ஏனோக்கு 430 ஆண்டு வாழ்ந்தார், அவரோடு சேர்ந்து ஒரு நகரமே எடுத்துக்கொள்ளப்பட்டது” என்ற வரி கையில் கிடைக்கிறது. ஆதியாகமத்தில் வயது 365, நகரம் எடுக்கப்பட்ட பேச்சில்லை. முதலாம் ஏனோக்கிலும் இல்லை. இது மோர்மோன்கள் என்று பரவலாக அறியப்படும் பிற்காலப் பரிசுத்தவான்கள் சபையின் மோசே நூலில் உள்ளது. அந்தச் சபையின் நிறுவனர் ஜோசப் ஸ்மித் ஏனோக்கைப் பற்றிய பகுதியை 1830இன் இறுதியில் வெளிப்பாடாகப் பெற்றதாக அவர்கள் நம்புகிறார்கள். அந்த நகரத்தின் பெயர் சீயோன். அவர்களுக்கு அது வேதம், மற்றக் கிறிஸ்தவர்களுக்கு அல்ல. ஆதியாகமத்தில் ஏனோக்கு என்ற பெயரில் ஒரு நகரம் இருக்கிறதே என்று யாராவது 4ஆம் அதிகாரத்தைக் காட்டினால், அது காயீன் தன் மகனுக்காகக் கட்டியது. அந்த ஏனோக்கு வேறு ஆள்.